மந்திரச் செலவு, மேற்படி

வெள்ளியங்கரட்டில் மந்திரங்கள் பலிக்க ஆரம்பித்த அந்தத் திங்கட்கிழமை காலையில், ஊரிலேயே முதல் ஆளாக மந்திரம் சொல்லி, அதற்கான செலவையும் கையோடு கட்டியவர் டீக்கடை சென்னியப்பன்தான். அவரும் வேண்டுமென்று சொல்லவில்லை. போண்டா மடிக்க எடுத்த காகிதத்தில் 'கொசுவே கொசுவே, குலத்தோடு கிளம்பு, திரும்பிப் பார்க்காதே' என்று அச்சடித்திருந்ததை, கண்ணாடி மாற்றிய பிறகு எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகச் சத்தமாக வாசித்தார், அவ்வளவுதான். கடைக்குள் இருந்த கொசுக்கள் எல்லாம் நோம்பி முடிந்து ஊருக்குக் கிளம்பும் ஒறம்பரைச் சொந்தங்கள் போல எழுந்து, பெரியது முன்னும் சின்னது பின்னுமாக வாசல் வழியே வெளியேறின. சென்னியப்பனுக்கு விக்கல் வந்தது. பத்து வந்தது, பதினொன்று வரவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். மந்திரத்துக்குப் பக்கத்திலேயே 'செலவு: விக்கல் பத்து' என்று இருந்தது. "அப்பச் சரியாத்தானுங்க இருக்குது," என்று சொல்லிவிட்டு சென்னியப்பன் அடுத்த போண்டாவை வேறு காகிதத்தில் மடித்தார்.

அந்தக் காகிதத்தை எழுதியவள் பூங்கோதை. பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட அறையில், அப்பாவுக்குப் பிறகு பத்திரம் எழுதுகிறவள்; நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை; ஒரு தோட்டத்தைக் கண்ணால் பார்க்காமலேயே அதன் நாலு எல்லையையும் வண்டித்தடத்தையும் கிணற்றுத் தண்ணீர் முறையையும் பேரன் காலத்திலும் சண்டை வராதபடி எழுதிவிடுவாள் என்று பேர் வாங்கியவள். ஊரில் இருக்கும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும், மீசை முளைத்தவனானாலும் நரைத்தவனானாலும், அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மின்வாரிய லைன்மேன் நாச்சிமுத்துவை மட்டும் 'ஏனுங்க' என்பாள். இந்த ஒரு வித்தியாசத்தை ஊரே கவனித்து, ஊரே ஒரு முடிவுக்கு வந்து, ஊரே நாலு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதிவாளர் அலுவலகம் விடுமுறை என்பதால், அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நாலு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, குகைக்குள் போவதா ஆற்றைத் தாண்டுவதா என்று தாங்களே முடிவு செய்து, முடிவு பலித்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டையை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். தில்லியில் இருக்கும் சித்தப்பா மகன் அப்படியொரு விளையாட்டை இங்கிலீஷில் அனுப்பியிருந்தான். அதில் வந்த ஊர்களில் எல்லாம் பனி கொட்டிக்கொண்டே இருந்ததால், பூங்கோதை அதை மூடி வைத்துவிட்டுத் தானே ஒன்று எழுதினாள். கதை சொல்கிறவள் அவள். பக்கத்து அறையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சலீமாவுக்குத் திருடி வேஷம். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பிரான்சிஸ் வாத்தியாருக்கு மந்திரவாதி வேஷம். நாச்சிமுத்துவுக்குக் காவல்காரன் வேஷம்.

நாச்சிமுத்து மட்டும் மூன்று மணி ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார். வந்து, தொண்டையைக் கனைத்து, "ஏனுங் அம்மிணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு..." என்று ஆரம்பிப்பார். பூங்கோதை பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அவள் நிமிர்ந்த உடனே அவர் கண் மேலே போய்விடும். "அது ஒண்ணுமில்லைங்க, ஃபேன் சத்தம் வருது, எண்ணெய் போடோணும்," என்று ஸ்டூலில் ஏறிவிடுவார். நாலு வருஷத்தில் இருநூறு தடவை எண்ணெய் குடித்த அந்த ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பூங்கோதை பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தாள். ஆனால் தானே எடுத்துச் சொல்ல மாட்டாள். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற தனக்கு இந்த ஒன்றையாவது யாராவது எழுதிக் கொடுக்கட்டும் என்கிற வீம்பு.

விளையாட்டில் கோளாறு எல்லாம் பிரான்சிஸ் வாத்தியாரால் வந்தது. மந்திரவாதிக்கு இருபது மூச்சு, ஒரு மந்திரத்துக்கு இரண்டு மூச்சு செலவு, தூங்கி எழுந்தால் மறுபடி இருபது என்பது கணக்கு. வாத்தியார் கதவைத் தட்ட வேண்டிய இடத்தில் தீ மூட்டினார், நிலக்கடலை வறுக்கத் தீ மூட்டினார், வழி கேட்க வந்த வழிப்போக்கனைச் சந்தேகத்தின் பேரில் கொளுத்தினார். திருடியும் காவல்காரனும் பின்னாலேயே போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பூங்கோதை செலவைப் பத்து மூச்சாக ஏற்றினாள். வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு, ஓநாய் காலைக் கவ்வும்போதும் "வேண்டாம், மிச்சம் புடிச்சு வெச்சுக்கறேன்," என்று நின்றார். ஐந்துக்கு இறக்கினாள், மறுபடி சாம்பல். குறைத்தால் மற்றவர்களுக்கு வேலை இல்லை, கூட்டினால் மந்திரவாதிக்கு வேலை இல்லை, இதற்கு நடுவில் ஒரு இடம் இருந்தே ஆக வேண்டும் என்று நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எண்ணு கொறைஞ்சா ஆருக்கு வலிக்குதுக்கா?" என்றாள் சலீமா ஒருநாள். "டோனர் தீந்துபோனா எனக்கு வயிறு எரியுது. மூச்சு தீந்துபோனா அடிச்சுட்டு வேற எழுதறார், அவ்வளவுதானே."

அது பூங்கோதைக்குச் சுருக்கென்று தைத்தது. செலவு என்பது எண்ணாக இருக்கக் கூடாது, சொல்கிறவனின் பிழைப்பிலிருந்து ஏதாவது கொஞ்சம் போக வேண்டும் என்று தீர்மானித்து, மந்திரப் பட்டியலைப் புதிதாக எழுத உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து நடை ஒன்றுதான். 'வெள்ளியங்கரடு பூங்கோதை ஆகிய நான் எழுதிக் கொடுப்பவராகவும், இம்மந்திரங்களைச் சொல்லும் எவரும் எழுதிப் பெறுபவராகவும், முழு மனதுடன் சம்மதித்து எழுதிக்கொண்ட மந்திரப் பத்திரம் என்னவென்றால்' என்று ஆரம்பித்து, சின்ன மந்திரத்திலிருந்து பெரிய மந்திரம் வரை வரிசையாக எழுதினாள். கொசு விரட்டலுக்கு விக்கல் பத்து. பொங்குகிற பாலை நிறுத்தலுக்கும் அதே பத்து என்பதால், கைப்பழக்கத்தில் 'மேற்படி' என்று போட்டாள். விளக்கேற்றலுக்கும் மேற்படி. தொலைந்தது காணலுக்கு ஒற்றைச் செருப்பு. கதவு திறத்தலுக்கு மேற்படி. எதிராளியின் வாயை ஒரு மணி நேரம் கட்டிவைக்கும் நாவடக்கலுக்கு, சொன்னவருடைய நிழல் ஒரு வாரம். எல்லாவற்றுக்கும் பெரியதான மலை நகர்த்தலுக்கு, 'மனதில் வெகுநாள் வைத்திருந்து இன்னும் சொல்லாத ஒரு சொல்; திரும்பக் கிடைக்காது' என்று எழுதினாள். இதை எழுதும்போது ஒரு தடவை நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். சலீமாவும் வாத்தியாரும் சிரித்துக்கொண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கே சலீமா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கடையில் ஸ்கெட்ச் பேனாவைக்கூட நிறம் பார்த்து அடுக்குகிறவளுக்கு மந்திரங்கள் இப்படிக் கலைந்து கிடந்தது பொறுக்கவில்லை. தேடுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவற்றை அகர வரிசைக்கு மாற்றிவிட்டாள். அழகாக வந்தது. பூங்கோதையும் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றாள். ஒரு சர்வே எண்ணை மூன்று தரம் சரிபார்க்கிறவள், விளையாட்டுக் காகிதம்தானே என்று வாசிக்காமல் விட்டாள். மெஷின் மை கறை படியக் கக்கிய வீண் பிரதிகள் ஒரு கட்டு சேர்ந்தது. அதை சலீமா வழக்கம்போல போண்டா மடிக்க டீக்கடைக்குக் கொடுத்தனுப்பினாள்.

இது எப்படிப் பலித்தது என்று வேறு ஊராக இருந்தால் ஆள் வைத்து விசாரித்திருப்பார்கள். வெள்ளியங்கரடு பதிவாளர் அலுவலகம் இருக்கும் ஊர். அங்கே ஒரு காரியம் நடப்பதற்கு அது எழுத்தில் இருந்தால் போதும். பெரிய மனிதர்கள் நாலு பேர் காகிதத்தை எடுத்துக்கொண்டு பதிவாளரிடமே போனார்கள். அவர் மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "எழுதிக் குடுத்தவங்க பேர் இருக்குது, சாட்சி ரெண்டு இருக்குது, தேதி இருக்குது, எழுதிப் பெறுபவர் எவரும்னு போட்டிருக்குது. இதுல நான் என்ன குத்தம் சொல்றதுங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்கள் போனதும் மேசைக்கு அடியில் குனிந்து கொசு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டார்.

பிறகு ஊர் அதைத் தண்ணீர்க் குழாய் வந்ததைப் போல எடுத்துக்கொண்டது. அந்தி ஆறு மணிக்கு எல்லா வீட்டு வாசலிலும் கொசு மந்திரம் சொல்லி, எல்லா வீட்டிலும் பத்துப் பத்தாக விக்கினார்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் வந்த பஸ் கண்டக்டர் ஒருவர் தவளைக்கு இத்தனை தொண்டையா என்று கேட்டாராம். தொலைந்த மூக்குத்திகளும் கண்ணாடிகளும் ரேஷன் கார்டுகளும் கிடைத்துக்கொண்டே இருந்தன, ஆளுக்கு ஒற்றைச் செருப்பு போய்க்கொண்டே இருந்தது. புத்திசாலிகள் அறுந்த செருப்பை மாட்டிக்கொண்டு மந்திரம் சொல்லிப் பார்த்தார்கள், அது அலமாரியில் இருந்த புதுச் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டது. பூட்டெல்லாம் மந்திரம் சொன்ன உடனே திறந்துகொண்டன, அதற்கு மட்டும் என்ன காரணமோ ஒரு செலவும் இல்லை; பூட்டு தொங்கினால்தான் வீட்டுக்கு லட்சணம் என்று பூட்டிக்கொண்டேதான் இருந்தார்கள், சோறு வடிக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டார் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். பேரூராட்சிக் கூட்டத்தில் பதினைந்து உறுப்பினர்களும் ஒருவர் மேல் ஒருவர் நாவடக்கல் சொல்லி, பதினைந்து பேரும் ஊமையாகி, பதினைந்து பேரும் நிழல் இல்லாமல் உட்கார்ந்து, தலையாட்டியே தெருக்குழாய் தீர்மானத்தை முதல்முறையாகச் சண்டையில்லாமல் நிறைவேற்றினார்கள்.

பிரான்சிஸ் வாத்தியார் விளையாட்டில் எப்படியோ அப்படியேதான் வெளியிலும். பள்ளிக்கூட மைதானத்தில் நானூறு மீட்டர் ஓடுதளம் போட விடாமல் இடித்துக்கொண்டிருந்த கரட்டை, அந்த மொட்டைக் குன்றை, விசிலை ஊதி, மந்திரத்தைச் சொல்லி, நாற்பது அடி கிழக்கே நகர்த்தினார். அது நகரும்போது மேலே மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் நெஞ்சில் இருபது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தலைமையாசிரியரைப் பற்றிய ஒரு சொல், அது போய்விட்டது. மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்து மனதார வணக்கம் வைத்தார். தலைமையாசிரியர் பயந்துபோய் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டார்.

விளக்கேற்றும் மந்திரத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. நாச்சிமுத்து இருக்கிற ஊரில் அதற்குத் தேவை வரவில்லை.

தேவை ஐப்பசியில் ஒரு மாலை நாலு மணிக்கு வந்தது. மழை மேகத்தில் பொழுதே இருட்டி, சூறைக்காற்றில் புளியமரம் சாய்ந்து, மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தது. எதிரே ஆஸ்பத்திரி, பிரசவ அறையில் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள், நர்ஸ் செல்போன் வெளிச்சத்தில் கத்திரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார். கம்பியை இழுத்துக் கட்ட இரண்டு மணி நேரம் ஆகும் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். சட்டைப் பையில் இருந்த காகிதத்தை எடுத்தார். 'விளக்கேற்றல், செலவு: மேற்படி' என்று இருந்தது. மேற்படி என்றால் பத்து விக்கல் என்று பூங்கோதை வாசித்ததைக் காதால் கேட்டவர் அவர். "திரியே திரியே, இருட்டைத் தின்னு," என்றார். ஆஸ்பத்திரி பளிச்சென்று எரிந்தது; தெரு விளக்கெல்லாம், ஃபியூஸ் போய் வருஷக்கணக்கான பல்புகூட எரிந்தது; குழந்தையும் பிறந்தது. நாச்சிமுத்து கம்பத்தடியிலேயே நின்று விக்கலுக்காகக் காத்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் தலைச்சுமையை இறக்கி வைத்தது போல லேசாக இருந்தது. நல்ல காரியத்துக்குத் தள்ளுபடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை கால் மணி நேரம் முன்னாலேயே பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. மூன்று அடித்தபோது வாத்தியாரோடு பேசிச் சிரித்துக்கொண்டே நாச்சிமுத்து உள்ளே வந்து, "ஆரம்பிக்கலாமுங்களா?" என்று உட்கார்ந்தார். மேலே ஃபேன் கிறீச் கிறீச் என்றது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"சத்தம் வருதுங்களே அம்மிணி. ஆரையாச்சும் உட்டு எண்ணெய் போடச் சொல்லுங்க."

சலீமா வாயைப் பொத்திக்கொண்டாள். பூங்கோதைக்கு அழுகை வந்தது. தாயக்கட்டையை இரண்டு உள்ளங்கையாலும் வேகமாக உருட்டி, அந்தச் சத்தத்தில் அதை மறைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சொன்ன கதையில் எல்லோரும் ஒரு பாலைவனத்தில் நடந்துகொண்டே இருந்தார்கள், எங்கேயும் போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலையில் பொங்கியாத்தாள் என்கிற பால்காரம்மா நிழல் இல்லாமல் வந்து அறை வாசலில் நின்றாள்.

"இது அநியாயமுங் அம்மிணி. பால் பொங்காம நிறுத்துனதுக்கு ஒரு வாரத்து நெழலப் புடுங்கிக்கறதா? நான் மாமியா வாயக் கட்டிப்போட்டதுலதான் நெழல் போச்சு, பாலால இல்லைன்னு என்ற வீட்ல சண்டை. ஊர்ல பாதிப் பொம்பளைக நெழலில்லாமத் திரியறோம். நீங்களே சொல்லுங்க, பாலுக்கு இது தகுமா?"

"பாலுக்கு நிழல் இல்லீங்க, விக்கல்தான். நான்தானே எழுதினேன்," என்றாள் பூங்கோதை.

பொங்கியாத்தாள் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். பூங்கோதை முதல்முறையாக அச்சடித்ததை விரல் வைத்து வாசித்தாள். கதவு திறத்தல், மேற்படி. முதல் வரியாகப் போனதால் அதற்கு மேலே ஒன்றுமே இல்லை, செலவும் இல்லை. பால் நிறுத்தல், மேற்படி. மேலே நாவடக்கல், ஒரு வாரத்து நிழல். விரல் கீழே இறங்கியது. ஒவ்வொரு மந்திரமும் இடம் மாறியிருந்தது, மேற்படி மட்டும் மாறாமல், யாருக்குக் கீழே போய் விழுந்ததோ அவர்கள் செலவைத் தன் செலவாக எடுத்துக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின வரி, மலை நகர்த்தல். கடைசி வரி, விளக்கேற்றல், மேற்படி.

ஆஸ்பத்திரி வெளிச்சத்தை யார் போட்டது என்று நர்ஸ் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். இருநூறு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சுமந்துகொண்டு வந்த சொல்லை, பிழைப்புக்குக் கற்ற ஒரே ஒரு வார்த்தையால் தானே அழித்துவிட்டோம் என்று பூங்கோதைக்குப் புரிந்தது.

ஆனால் பத்திரத்தில் பிழை வந்தால் அழுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்குப் பிழை திருத்தல் பத்திரம் என்று பேர். அது முதல் பத்திரம் எழுதிய நாளிலிருந்தே செல்லும். விளக்கேற்றலின் செலவு முதலிலிருந்தே விக்கல்தான் என்றாகிவிட்டால், தப்பாகப் பிடித்த சொல் நாச்சிமுத்துவுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஒரே சங்கடம், எழுதிப் பெற்றவர்கள் அத்தனை பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிப் பெற்றவர் எவரும் என்று போட்டிருந்தபடியால், ஊரே போட வேண்டும்.

புதன்கிழமை சந்தைப்பேட்டையில் மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர் திரண்டு வந்தது, வந்த ஊர் பேரம் பேசியது. சும்மா கையெழுத்துப் போட யாரும் தயாரில்லை. திருத்துவதே திருத்துகிறீர்கள், எங்களுக்கும் கொஞ்சம் பார்த்துத் திருத்துங்கள் என்றார்கள். பத்து விக்கலில் குடல் புரளுது, ஐந்தாக்குங்கள் என்றார் சென்னியப்பன். ஐந்தென்றால் பொழுதுக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கொசுவெல்லாம் தன் தோட்டத்தில்தான் வந்து நிற்கிறது என்றார் ஊருக்கு வெளியே குடியிருப்பவர். பேரம் ஏழில் நின்றது. கதவு திறத்தலுக்கு ஒற்றைச் செருப்பு என்றதும், சாப்பாட்டு நேரத்தில் உள்ளே நுழைந்து பழகியவர்கள் பெருமூச்சு விட்டார்கள், சோறு வடிக்கிறவர்கள் கை தட்டினார்கள். நாவடக்கலில்தான் பெரிய அடிதடி. நிழல் போனால் போகட்டும் என்று மருமகள்களும் உறுப்பினர்களும் துணிந்துவிட்டதால் அந்தச் செலவு செலவே இல்லை என்று மாமியார்கள் கொதித்தார்கள். பூங்கோதை யோசித்தாள். நாலு வருஷம் மூச்சைக் கூட்டிக் குறைத்துத் தேடிய நடு இடம் இந்தச் சந்தை இரைச்சலில் அவளுக்குத் தட்டுப்பட்டது. 'நாவடக்கல்: அடக்கியவருக்கும் அதே ஒரு மணி நேரம் பேச்சு வராது' என்று எழுதினாள். இரு தரப்பும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள், ஒரே மாதிரி ஒத்துக்கொண்டார்கள்.

இந்தத் தடவை ஒவ்வொரு மந்திரத்துக்கும் எதிரே அதன் செலவை முழுசாக எழுதினாள். சலீமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, வரிசையை மாற்றாமல் அப்படியே அச்செடுத்தாள். மத்தியானத்திலிருந்து வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கடைசியில் நாச்சிமுத்து வந்தார். பேனாவை வாங்கினார், காகிதத்தைப் படித்தார், பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"நான் போடலீங் அம்மிணி."

"ஏனுங்க?"

"இதுல போட்டா என்ற சொல்லு எனக்குத் திரும்பி வந்துரும்னு சலீமா சொல்லுச்சு. வேண்டாமுங்க. நாலு வருசமா நெஞ்சுல என்னமோ கெடந்து அழுத்திட்டே இருந்துச்சு. இப்ப இல்லீங்க. சோறு எறங்குது, தூக்கம் வருது. அது என்ன எழவுன்னு நெனப்புகூட இல்ல. ஆருகூடப் போட்ட சண்டையோ, என்ன நோவோ. போனது போகட்டுமுங்க."

சந்தைப்பேட்டையே 'ச்சே' என்றது. "யோவ் நாச்சிமுத்து, அது என்னன்னு ஊருக்கே தெரியும்யா!" என்று பிரான்சிஸ் வாத்தியார் கத்தினார்.

"ஆரும் சொல்லக் கூடாது," என்றாள் பூங்கோதை.

அவள் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே நன்றாகத் தூங்கிய முகமாக இருந்தது. இந்த மனிதரை இப்படியே விட்டுவிடலாம், ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றட்டும், ஆட்டமும் ஞாயிறும் நடந்துகொண்டுதான் இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். நாலு வருஷமாக அத்தனை பாரத்தையும் அவர் தலையிலேயே ஏற்றிவிட்டு, நிமிர்ந்து பார்ப்பதை மட்டுமே தன் பங்காக வைத்துக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூட்டுக்குச் செலவில்லாமல் போனதைப் போலத்தான் அவள் வீம்புக்கும் இதுவரை ஒரு செலவும் இல்லாமல் இருந்தது.

எழுந்து நின்றாள். "வெள்ளியங்கரடு பூங்கோதை ஆகிய நான்..." என்று ஆரம்பித்தாள். பத்திர பாஷை அதற்கு மேல் ஓடவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க. நாலு வருசமாப் புடிச்சிருக்குது. அந்த ஃபேன்ல எண்ணெய் இல்லாம இருந்த நாளே இல்ல, அது எனக்கும் தெரியும். நீங்க சொல்லட்டும் சொல்லட்டும்னே நானும் உக்காந்திருந்தேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?"

மந்திரம் இல்லாமலேயே சந்தை அடங்கியது. நாச்சிமுத்துவின் காது ரெண்டும் சிவந்தது. அவர் வாயைத் திறந்தார், உள்ளே தேடினார், சொல்ல வேண்டியது இருந்த இடம் துடைத்து வைத்ததுபோலக் காலியாக இருந்தது. பிறர் சொல்லை இரவல் வாங்கியாவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று தவித்து மேசையைப் பார்த்தார். அங்கே பழைய பட்டியல் கிடந்தது, அதன் கடைசி வரியில் ஒரு வார்த்தை இருந்தது.

"மேற்படிங்க," என்றார்.

ஊர் கூவிய கூச்சலில் கரட்டு மேல் இருந்த வெள்ளாடுகள் அன்றைக்குத்தான் தலையைத் தூக்கின. நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டார். போட்டு முடிப்பதற்குள் விக்கல் பிடித்துக்கொண்டது. ஒண்ணு, ரெண்டு என்று ஊரே எண்ணியது. ஏழாவது விக்கலில் அவர் முகம் மாறியது; தொலைந்த பொருள் இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்தவர் போல அசையாமல் நின்று, தொண்டையைக் கனைத்து, "ஏனுங் அம்மிணி, உங்ககிட்ட ஒண்ணு..." என்றார். அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. கல்யாணம் தை மாசமா மாசி மாசமா என்று சென்னியப்பனும் பொங்கியாத்தாளும் அதற்குள் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள், வாத்தியார் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"அதுதான் மேற்படின்னு சொல்லிப்போட்டீங்களேண்ணா, இன்னும் என்ன?" என்று சலீமா சிரித்தாள்.

பூங்கோதை பேனாவை மூடிக் கீழே வைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அண்ணாந்து பார்ப்பதற்கு, சந்தைப்பேட்டையில் மேலே ஃபேன் எதுவும் இல்லை.

"இல்லீங்க, நீங்க முழுசாச் சொல்லுங்க," என்றாள். "மேற்படி போட்டு நான் பட்டதெல்லாம் போதும்."